பஞ்சாங்கமும் பதியாணையும்

திருச்சிற்றம்பலம்



காவிரி பாயும் சோழவளநாட்டில் மக்களை அவர் பிறந்த நாண்முதல் இறந்த நாள்காறும் பிரியாது உடன்வரும் ஏடு ஒன்றுண்டு. அது பஞ்சாங்கம். குழவி பிறந்துழி நட்சத்திரங் காண்பதும், காதணி விழாவிற்கும் திருமணத்திற்கும் முகூர்த்தங் கொள்வதும், சித்திரைத் திங்களில் நல்லேர் பூட்டுதற்கு நாட் குறிப்பதும், கதிரறுத்துப் புதிர் எடுப்பதும், இறந்தார்க்குத் திதி கொடுப்பதும் எல்லாம் அதனை நோக்கியே நிகழ்வன. சித்திரை முதனாளில் திருக்கோயில்களில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்டலும், அவ்வாண்டிற்கு அரசன் யாவன், மந்திரி யாவன், மேகத்திற்கு அதிபதி யாவன், மழை எத்தனை மரக்கால் என வினாவி அறிதலும் நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வேட்டினை விரித்துப் பாராதார் இல்லத்திலும் சிவகாசியில் அச்சாகி வணிகர் வழங்கும் நாட்காட்டி சுவரில் தொங்குகின்றது. நாடோறும் ஒரு தாளைக் கிழிப்பார், இராகுகாலம், எமகண்டம், சூலம், சந்திராட்டமம் என்பவற்றோடு, தம் இராசிக்கு நேரே அச்சிட்டிருக்கும் வரவு, செலவு, பயம் என்றாற்போன்ற ஒற்றைச் சொல்லையும் படித்த பின்னரே வாயிலைக் கடக்கின்றனர்.

இத்துணை நெருங்கிய துணையாகிய ஏட்டினைச் சைவராயினார் எவ்வாறு கைக்கொள்ளல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. இவ்வாராய்ச்சியைத் தூண்டியது திருநள்ளாற்று நிகழ்ச்சி. அத்தலத்தில் 2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 20 ஆம் நாள் சனிப்பெயர்ச்சி விழா நடைபெற்றது. சனி மகரத்தினின்று கும்பத்திற் புகும் நாள் அதுவென வாக்கியப் பஞ்சாங்கம் கூறிற்று. திருக்கணிதப் பஞ்சாங்கமோ அப்பெயர்ச்சி அவ்வாண்டு சனவரித் திங்கள் 17 ஆம் நாளிலேயே நிகழ்ந்து முடிந்ததெனக் கூறியிருந்தது. ஒரு கோளின் ஒரு பெயர்ச்சிக்கு இரண்டு நாட்கள். அவற்றிடையே பதினொரு திங்கள். மீண்டும் 2025 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29 ஆம் நாள் திருக்கணிதப்படி சனி மீனத்திற் புகுந்தபொழுது, தாம் வாக்கிய முறையே கொள்வதாகலின் அன்று பெயர்ச்சி விழா இல்லையெனத் திருநள்ளாற்றுக் கோயிலார் அறிவித்தனர்.

நோயாலும் கடனாலும் நலிந்தோர், "எள்விளக்கு ஏற்றுதற்கு மெய்யான நாள் யாது? தவறிய நாளில் வழிபட்டால் பயன் உண்டோ? பொய்ந்நாளில் வழிபட்டேம் எனின் குற்றம் வருமோ?" என மடங்களிலும் கோயில்களிலும் வந்து வினாவுகின்றனர். இவ்வினாவினை நகைத்துத் தள்ளுதல் அறமன்று. கேட்பாரது துன்பம் மெய்யாகலின். ஏதேனும் ஒரு நாளைக் கூறி அனுப்பிவிடுதலும் அறமன்று. அவ்வினாவின் அடியிற் கிடக்கும் அச்சம் அதனால் தீராதாகலின். ஆதலின் கணக்கு இன்னது, காலம் இன்னது, காலத்தை நடத்துவான் இன்னான் என மூன்றினையும் முறையே காண்பாம்.

முதற்கண் கணக்கு. பஞ்சாங்கம் என்பது வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்துறுப்பினை உடையது. ஞாயிற்றினின்று திங்கள் பன்னிரண்டு பாகை விலகுங் காலம் ஒரு திதி. அதிற் பாதி கரணம். திங்கள் விண்வட்டத்தில் பதின்மூன்று பாகை இருபது கலை செல்லுங் காலம் ஒரு நட்சத்திரம். இருசுடரின் செலவினையுங் கூட்டிய தொகை அவ்வளவு மிகுங் காலம் ஒரு யோகம். எனவே வாரம் ஒழிந்த நான்கும் விண்ணில் இருசுடர் நிற்கும் நிலையினை அளந்து கூறுவனவேயன்றிப் பிறிதில்லை என்பது தெளிவாம்.

இவ்வளவினைத் தமிழ்நாட்டார் வாக்கியங்களால் நினைவிற் கொண்டனர். எழுத்துக்கு எண் வகுத்து, அவ்வெண்கள் அமைந்த சிறு சொற்றொடர்களை மனப்பாடஞ் செய்து, அவற்றைக்கொண்டு கோள்நிலை காண்பது வாக்கியமுறை. திங்கட்குரிய வாக்கியங்கள் 248. அவை வரருசியார் செய்தன என்பர். புவிக்கு அணுகியும் சேய்த்தாயும் செல்லுந் திங்கள் அவ்வியக்கத்தில் ஒன்பது சுற்று முடித்தற்கு ஏறத்தாழ 248 நாள் ஆகலின் அத்தொகை அமைந்தது. 683 ஆம் ஆண்டில் கேரளநாட்டு அரிதத்தர் பரகிதம் என்னும் முறையினை நிறுவினார். 1300 ஆம் ஆண்டினை ஒட்டிக் காஞ்சிப் பகுதியில் வாக்கியகரணம் என்னும் நூல் எழுந்தது. இம்முறையின் திறத்திற்குச் சான்று வேண்டுவார், சான் வாரன் என்பார் 1825 இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலைக் காண்க. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்க் கணிதர் ஒருவர், எழுதுகோலும் தாளும் இன்றிச் சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமாகிய வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31, சூன் 1 ஆம் நாட்களின் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் அவர் கணக்குப் பிழைத்தது 4 நிமிடமே. நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். மனத்தையே ஏடாகக் கொண்டு இவ்வளவு அணுகிய அப்புலமை போற்றற்குரியது.

அற்றேல், இன்று சனியின் பெயர்ச்சியிற் பதினொரு திங்கள் வேறுபாடு வந்தது எற்றாலெனின், கூறுதும். ஆரியபடர் 499 ஆம் ஆண்டினை ஒட்டி வகுத்த சுழற்சிக் கணக்கே பரகிதத்திற்கும் வாக்கியத்திற்கும் அடிப்படை. ஓராண்டிற் கண்ணுக்குப் புலனாகாத நுண்பிழை ஆயிரத்தைந்நூறு ஆண்டிற் பெருகித் தோன்றும். சனியோ ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கொள்ளும் மந்தன். அவன் நிலையிற் சில பாகை பிழைப்பினும் நாட்கணக்கிற் பல திங்கள் பிழைக்கும். 2023 டிசம்பர் 20 ஆம் நாள், கும்பத்தின் வாயிலில் நிற்கின்றான் என வாக்கியம் கூறிய சனி, திருக்கணிதப்படி ஏறத்தாழ எட்டுப் பாகை உள்ளே சென்றிருந்தான். முழுமதியின் வட்டம் அரைப்பாகையே ஆகலின், எட்டுப் பாகை என்பது பதினாறு மதியை வரிசையாக வைத்த அகலம். திங்களின் கணக்கிலோ பௌர்ணமி அமாவாசைகளில் இருமுறையும் பெரிதும் ஒத்துச் செல்லும். அட்டமியை ஒட்டிய நாட்களிற் சில மணிநேரம் வேறுபடும். கிரகணங்கள் பௌர்ணமி அமாவாசைகளிலேயே நிகழ்வனவாகலின், புதுச்சேரிக் கணிதரது கணக்கு அத்துணை அணுகி வந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

இப்பிழையினைத் திருத்தல் நம் முன்னோர்க்கு உடன்பாடன்று எனக் கூறுவார் மரபறியாதார். 1431 இல் கேரளநாட்டுப் பரமேசுவரர், கண்ட கிரகணங்களோடு கணக்கை ஒப்பிட்டுத் திருத்தித் திருக்கணிதம் என்னும் பொருள்படத் திருக்-கணிதம் செய்தார். திருக் என்பது வடமொழியிற் காட்சி. சென்னை வானியல் ஆய்வகத்திற் பணிபுரிந்து 1867 இல் ஒளிமாறும் மீன் ஒன்றினைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் காட்சியொத்த பஞ்சாங்கத்தை வெளியிட்டனர். நாடு விடுதலையுற்ற பின்னர் 1952 இல் மேகநாத சாகா என்னும் பேரறிஞர் தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955 இல் தன் அறிக்கையை அளித்தது. அதன்படி 1957 மார்ச்சு 22 ஆம் நாள் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. முன்னோர் கணக்கினைத் திருத்துதலும் முன்னோர் காட்டிய நெறியே என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி இரண்டனுள் எது கொள்ளத்தக்கது என்னும் வழக்கினை அளவை நூல்கொண்டு தீர்ப்பாம். காட்சி, கருதல், உரை என அளவை மூன்று. கோள் விண்ணில் யாண்டு நிற்கின்றது என்பது காட்சியளவைக்கு உரிய பொருள். அதன்கண் கண்ணும் கருவியும் கண்டதே முடிவு. காணப்பட்டதனை மறுத்து நூலுரையை நிறுத்துதல் நூலுக்கே இழுக்காம். ஒரு திருக்கோயிலில் எந்நாளில் எவ்விழா எடுத்தல் வேண்டும் என்பது உரையளவைக்கு உரிய பொருள். அதன்கண் ஆகமமும் அத்தலத்து மரபுமே முடிவு. அம்மரபு ஒரு பஞ்சாங்கத்தைக் கொண்டிருப்பின் ஊரார் ஒருங்கு கூடி அந்நாளிலேயே வழிபடுக. வானநூலார் கூற்று அவ்விழாவினைப் பொய்யாக்காது. விழாவும் வானநூலாரைப் பொய்யராக்காது. ஒன்றற்குரிய அளவையை மற்றொன்றன்மேல் ஏற்றுதலாலேயே இவ்வழக்கு முடிவின்றி நீள்கின்றது. இவ்விரண்டனையுங் கடந்து, "எனக்கு வரும் இன்பதுன்பத்தைத் தருவார் யார்?" என்னும் வினாவிற்கோ இரண்டு பஞ்சாங்கத்தினும் விடையில்லை. அதற்கு விடை சித்தாந்த நூலிலே உளது.

சித்தாந்தத்தில் காலம் என்பது முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று. அசுத்தமாயையினின்று தோன்றி, நியதி, கலை, வித்தை, அராகம் முதலியவற்றோடு உயிர்க்கு உடனாய் நிற்பது. இறந்தகாலமாய் நின்று எல்லை செய்தும், நிகழ்காலமாய் நின்று பயன் ஊட்டியும், எதிர்காலமாய் நின்று புதுமை காட்டியும் தொழிற்படுவது. நியதியோ ஒருவன் செய்த வினை அவனையே சென்று சேருமாறு வரையறுப்பது. இவை இரண்டும் மாயையின் காரியமாகலின் சடம். சடம் தானே அறியாது, தானே இயங்காது, இன்னார்க்கு இன்னது ஊட்டுவேன் எனக் கருதாது. கோள்களும் அங்ஙனமே ஏவல்வழி நிற்பன. ஆகவே இவற்றை இயக்குவான் ஒருவன் வேண்டும். அவன் பதி.

இதனை நம் நாட்டு நீர்ப்பாய்ச்சலில் வைத்துக் காண்பார்க்கு ஐயம் நீங்கும். கல்லணையில் வந்த வெள்ளம் காவிரி, வெண்ணாறு, புதாறு, கொள்ளிடம் எனப் பிரிந்து, பின் ஆறுதோறும் வாய்க்காலாய்க் கிளைத்து, மதகு வழியே வயலை அடைகின்றது. வெள்ளம் வினைப்பயன், மதகு காலம், இவ்வாய்க்கால் இவ்வயலுக்கே என்னும் வரையறை நியதி, திறக்க என்னும் ஆணை பதியினது. மதகின் ஓரத்தில் நீர்மட்டங் காட்டுதற்கு நட்ட அளவுகோல் ஒன்றுண்டு. அதுவே பஞ்சாங்கம். அளவுகோலைப் பார்ப்பவன் நீர் எவ்வளவு நிற்கின்றது என அறிவான். அதனால் நீர் வாராது, நீர் போகாது. அளவுகோலிற் கோடு தேய்ந்து பிழைபடின் கோட்டைத் திருத்துக. பிழைத்த கோட்டினைக் கண்டு வெள்ளத்திற்கு அஞ்சுதலும், அளவுகோலுக்குப் படையலிட்டு நீர் வேண்டுதலும் அறிவுடையார் செயலாமோ? மேட்டூர் அணை 1934 இல் நிறைவெய்திய பின்னர்க் குறுவைக்குச் சூன் 12 ஆம் நாள் நீர் திறத்தல் வழக்காயிற்று. அங்ஙனமாயினும் 2022 இல் மே 24 ஆம் நாளே திறந்தனர். 2024 இல் சூலை 28 ஆம் நாளிலேயே திறக்கலாயிற்று. நாள் நீரைக் கொணரவில்லை. நீர் நின்ற அளவு நோக்கி ஆணை பிறந்தது. இதனை நம் உழவர் நன்கறிவர். தம் வாழ்க்கைமாட்டு மட்டும் மறந்துவிடுகின்றனர்.

ஈண்டு ஒரு தடை: "சோதிடம் வேதாங்கம் ஆறனுள் ஒன்றன்றோ? அதனை வீணெனல் சைவர்க்குப் பொருந்துமோ?" எனின், யாம் வீணென்றிலேம். அளவுகோல் வீணாமாறு இல்லை. நம் நித்திய நைமித்திகங்கள் அனைத்தும் அதனைப் பற்றி நிற்கின்றன. திரயோதசியின் மாலையிற் பிரதோடமும், மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியின் நள்ளிரவிற் சிவராத்திரியும், மார்கழித் திருவாதிரையும், ஐப்பசிப் பௌர்ணமியில் அன்னாபிடேகமும் கணக்கின்றி அமையா. சித்திரைச் சதயத்தில் அப்பர் பெருமானையும், வைகாசி மூலத்தில் ஆளுடைய பிள்ளையாரையும், ஆடிச் சுவாதியில் நம்பியாரூரரையும், ஆனி மகத்தில் மணிவாசகரையும் வழிபடுமாறு நினைப்பிப்பது பஞ்சாங்கமே. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டிற் கோயிற் பணிமக்களுக்கு இராசராச சோழன் பங்கு வகுத்த பட்டியலை நோக்குமின். ஆடுவார், முழவு கொட்டுவார், தச்சர், தையற்காரர் என்னும் இவரோடு பெருங்கணிக்கும் ஒரு பங்கு உளது. கணி கோயிலுக்கு வேண்டியவன். ஆயினும் கோயிற் பணிமகன். அவனை அவ்விடத்தில் வைத்த அரசனது அறிவே நமக்கும் வேண்டுவது.

இப்பொழுது பணிமகன் தலைவனாகிய நிலையினை யாண்டுங் காண்கின்றோம். திருநள்ளாறு தருப்பாரணியேசுவரர் தலம். ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. பாண்டியன் அவையில் அனல்வாதத்தின்பொழுது ஆளுடைய பிள்ளையார் எரியிலிட வேவாது பச்சென விளங்கிய திருப்பதிகம் பெற்ற தலம். நளன் கலி நீங்கப்பெற்றதும் அப்பெருமான் திருவருளாலேயே. அத்தகைய தலத்திற்குச் சென்று, சனியின் சன்னிதியில் நெடுநேரம் நின்று, இறைவன் சன்னிதியை விரைந்து கடந்து மீள்வார் எத்துணையர்! ஏவலாளனை வணங்கி, ஏவினானை மறந்து வருதல் வழிபாடாமோ? அவ்வேவலாளன் தானும் அத்தலத்தில் இறைவன் ஆணைவழி நிற்றலாலன்றோ சிறப்புற்றான்!

இன்னும் இராகுகாலத்தை எடுத்துக்கொள்வாம். பகற்பொழுதை எட்டுக் கூறிட்டு, அவற்றுள் அவ்வக் கிழமைக்குரிய ஒரு கூற்றினை இராகுவினது என்பர். நாட்காட்டியில் அச்சிட்ட திங்கட்கிழமை 7-30 முதல் 9 மணி என்பது, ஞாயிறு சரியாக 6 மணிக்கு எழும் எனக் கொண்ட கணக்கு. தஞ்சையிலோ தைத்திங்களில் 6-30 கடந்தே ஞாயிறு எழும். வைகாசி இறுதியில் 6 மணிக்கு முன்னரே எழும். நம் கடிகாரந்தானும் 82 பாகை 30 கலை நெடுங்கோட்டிற்கு உரியது. தஞ்சையின் உண்மைப் பொழுது அதற்கு ஏறத்தாழ 13 நிமிடம் பிந்தியது. அச்சிட்ட அந்நேரத்திற்கு அஞ்சி, மூச்சுத்திணறும் தந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாது திண்ணையில் இருத்தி 9 மணியை எதிர்நோக்குவாரை ஊர்தோறுங் காணலாம். இதில் வழுவியது கணக்கு மட்டுமன்று. தந்தையைப் பேணுதல் அறம். அறஞ்செய்தற்குத் தீயநேரம் என ஒன்று இறைவன் படைத்திலன். கடனைத் திருப்பிக் கொடுத்தற்கும், பசித்தார்க்குச் சோறிடுதற்கும், திருவைந்தெழுத்தை ஓதுதற்கும், பிணங்கிய உடன்பிறந்தானை அழைத்தற்கும் எந்நாளும் நன்னாளே.

நம் ஆசிரியன்மார் இவ்வுண்மையினை வாழ்ந்து காட்டினர். திருமறைக்காட்டில் அப்பரும் ஆளுடைய பிள்ளையாரும் எழுந்தருளியிருந்துழி, பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரிடமிருந்து அழைப்பு வந்தது. பிள்ளையார் மதுரைக்குப் புறப்பட, அப்பர் பெருமான் சமணர் செய்யுங் கொடுமையினை எடுத்தோதி, நாளுங் கோளும் இப்பொழுது நன்றாக இல்லை எனத் தடுத்தனர் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். அப்பர் அஞ்சினாரல்லர், அன்பின் மிகுதியாற் கூறினார். பிள்ளையாரும் கோள்நிலையினை மறுத்திலர். உமையொருபாகன் உள்ளத்தே புகுந்தமையால் கோள்கள் அடியார்க்கு நல்லனவே எனத் திருப்பதிகம் அருளிச்செய்து புறப்பட்டனர். கோள்நிலை மாறுமளவும் பிள்ளையார் காத்திருந்திலர் என்பது ஈண்டு உற்று நோக்கத்தக்கது. செய்யவேண்டிய பணி முன் நின்றது. கோள் பின் நின்றது. சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரங் கூறும் இறைபணி நிற்றல் என்பதற்கு இதனினும் விளங்கிய எடுத்துக்காட்டு வேண்டா.

திருக்கடவூரிலும் இவ்வுண்மையே விளங்குகின்றது. மார்க்கண்டேயர்க்கு வகுத்த ஆண்டு பதினாறு. அக்கணக்குப் பிழையென இறைவன் கூறிற்றிலன். கூற்றுவன் வந்த நாளும் தவறிய நாளன்று. ஆயினும் இலிங்கத்தைத் தழுவிய அன்பின்மேற் கயிறு விழுந்தபொழுது காலன் உதையுண்டான். அத்தலத்திலேயே, தை அமாவாசையன்று தஞ்சை மராட்டிய மன்னர் சரபோசி திதி யாதென வினாவ, அம்மையின் திருமுகவொளியில் அழுந்தியிருந்த பட்டர் பௌர்ணமி என்று விடைகூறினார் என்பதும், அவர்பொருட்டு அபிராமியம்மை தன் தோட்டினை வானில் வீசி நிலவு காட்டினாள் என்பதும் வழிவழி வழங்கும் வரலாறு. அன்றும் பஞ்சாங்கம் பிழைத்ததில்லை, அமாவாசை அமாவாசையே. கணக்கிற்கு மேலாயதோர் ஒளி அடியார்பொருட்டுத் தோன்றிற்று. இன்று அறுபதும் எண்பதும் நிறைந்தார் தம் பிறந்த திங்களும் நட்சத்திரமும் பஞ்சாங்கத்திற் பார்த்து அத்தலத்திற்கே சென்று மணிவிழாக் கொண்டாடுகின்றனர். நாளைக் கணக்கிட்டுச் சென்று, நாளைக் கடந்தவன் திருவடியிற் பணிகின்றனர். பஞ்சாங்கத்தின் உண்மைப் பயன் இதுவேயாம்.

இனி இறுதித் தடை ஒன்று: "அருள் காலத்தைக் கடந்ததாயின், நாள் பார்த்து விரதமும் நீராட்டும் எற்றுக்கு? விரும்பியபொழுது செய்தல் அமையாதோ?" எனின், இதற்கு விடை மயிலாடுதுறையில் உளது. ஐப்பசித் திங்கள் முழுதும் அங்குக் காவிரித் துலாமுழுக்கு, ஈற்றுநாள் கடைமுழுக்கு. முடவன் ஒருவன் ஐப்பசிக்குள் நீராடக் கருதிச் சேய்மையினின்று புறப்பட்டான். தவழ்ந்தும் நகர்ந்தும் அவன் துறையை அடைந்தபொழுது ஐப்பசி கழிந்தது, கார்த்திகை பிறந்தது. திரண்டிருந்த மக்கள் பிரிந்து போயினர். வருந்தி நின்ற அவனுக்கு, அந்நாளில் மூழ்கினும் அதே பயன் உண்டென மாயூரநாதர் அருளினார் என்பது தலவரலாறு. அருள் பெற்றான் யாவன்? நாளை இகழ்ந்து துயின்றவனல்லன். நாளைக் கருதி இயன்றமட்டும் தவழ்ந்து வந்தவன். நாள் குறிக்கப்படாதிருந்தால் அவன் புறப்பட்டிருப்பானல்லன். நாளே முடிவாயிருந்தால் அவன் பயன் பெற்றிருப்பானல்லன். கணக்கு அவனைப் புறப்படுவித்தது. அருள் அவனை எதிர்கொண்டது. அவ்வருள் நிகழ்ந்த கார்த்திகை முதனாள் இன்று முடவன் முழுக்கு எனப் பஞ்சாங்கத்திலேயே ஒரு வரியாக ஏறிவிட்டது. கணக்கினைக் கடந்த கருணையைக் கணக்கே தன் ஏட்டிற் பொறித்து வைத்த அருமையினை நோக்குமின்.

ஆகலின் திருநள்ளாறு செல்லக் கருதி வந்து வினாவுவார்க்கு யாம் கூறும் விடை இது. ஐயா, கோயிலார் குறித்த நாளிற் செல்லவல்லீராயின் ஊரோடு கூடிச் சென்று வழிபடுக. அந்நாள் தவறினும் அஞ்சற்க. மற்றொரு நாளிற் செல்க. சென்றால் முதற்கண் தருப்பாரணியேசுவரரை நின்று நிதானித்து வணங்குக. பின்னர்ச் சனிபகவானை அவ்விறைவன் ஆணைவழி நிற்பானாக மதித்து வணங்குக. வந்த துன்பம் முன்னை வினையின் பயனென உணர்ந்து, அதனை ஊட்டுவான் பகைவனல்லன், தாயினும் நல்லான் எனத் தெளிக. வினையைக் கழிப்பித்து மலத்தைப் பக்குவப்படுத்துதற்கே அவன் அதனை ஊட்டுகின்றான். இல்லத்திற்கு மீண்டபின் ஒருவருக்கேனும் சோறிடுக.

மடத்துச் சான்றோர்க்கும் ஒரு விண்ணப்பம் உளது. அச்சத்தால் வருவார் கூட்டம் அன்பால் வருவார் கூட்டத்தினும் விரைவிற் பெருகும். உண்டியலும் விரைவில் நிறையும். ஆயின் அச்சத்தால் வந்தவன் அச்சம் தீர்ந்தவழி வாரான். தீராதவழி வேறு தெய்வம் தேடுவான். அவனை அச்சத்தோடு வரவேற்று அன்போடு அனுப்புதல் நம் கடன். பெயர்ச்சி நாட்களிற் கோயில்தோறும் மடத்தார் ஒருவர் நின்று, கோளறு திருப்பதிகத்தின் வரலாற்றினையும் காலதத்துவத்தின் இயல்பினையும் எளிய தமிழிற் கால்நாழிகை எடுத்துரைப்பின், பரிகாரச் சீட்டினாற் பெறாத தெளிவினை அவ்வேழைகள் பெறுவர். பஞ்சாங்கம் அச்சிடுவாரும் வாக்கியத்தையும் திருக்கணிதத்தையும் அருகருகே வைத்து, வேறுபாட்டின் காரணத்தை ஒரு பக்கத்தில் விளக்குவாராயின், கற்பார்க்கு ஐயமும் கல்லார்க்கு அச்சமும் ஒருங்கே குறையும்.

சுருங்கக் கூறின், செய்யவேண்டியதனை நினைப்பித்தற்கே பஞ்சாங்கம் அமைந்தது. செய்யவேண்டியதனைத் தவிர்த்தற்கு அமைந்ததன்று. வழிபாட்டிற்கு நம்மை எழுப்புமாயின் அது திருக்கோயில் மணியை ஒக்கும். அறத்தினின்று நம்மைத் தடுக்குமாயின் அது நாமே நமக்கிட்ட தளையாம். நாளை அமைத்தவனும், கோளை இயக்குபவனும், வினையை ஊட்டுபவனும், ஊட்டியபின் அதனைக் கழிப்பவனும் ஒருவனே. அவனது ஆணையினை அறிந்தார்க்கு இரண்டு பஞ்சாங்கமும் ஏவல் செய்யும். அறியாதார்க்கு ஒன்றே போதும் அச்சுறுத்துதற்கு.

காலங்கடந்த பெருமான் திருவருள் யாவரையும் காக்க.

திருச்சிற்றம்பலம்